அறுபது என்றால் எத்தனை பேர்

என் கணவர் அஃப்ராஸ் ஒரு சட்டையை மடித்து வைத்து நான் கண்டதில்லை. கதிரையில் கிடக்கும், கட்டில் தலைமாட்டில் கிடக்கும், ஒருநாள் ஃபிரிட்ஜின் மேலிருந்தும் எடுத்தேன். கேட்டால், "கண்ணுக்கு முன்னால கிடந்தாத்தான் கெடைக்கும் புள்ள" என்பார். கணினியில் கோட் எழுதுவதும் அதே அழகுதான். நானோ மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் மஞ்சள்தூள் போத்தல் இல்லாவிட்டால் அடுப்பே பற்றவைக்க மாட்டேன். இப்படி இரண்டு பேரை ஏன் ஒரே நிகாஹில் கட்டிவைத்தீர்கள் என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "உன்னோட வேற யாரு தாக்குப் புடிப்பா ஸம்ஹா?" என்றார் உம்மா. பெற்ற தாயே அப்படிச் சொன்னால் மேல்முறையீடு செய்ய எங்கே போவது?

மதுரங்குளிச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அதன் முன்னறைதான் அலுவலகம். இரண்டு மேசை, இரண்டு கணினி, எந்த வேகத்தில் போட்டாலும் ஒரே வேகத்தில் சுற்றும் ஒரு ஃபேன். புத்தளத்தில் ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே தொழிலுக்கு வந்தோம். கல்பிட்டியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதிகளுக்கும், முந்தல் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்போம். துண்டு துண்டான வேலைகள். வயிறு கழுவும், மிச்சம் பிடிக்க விடாது.

பிள்ளை வயிற்றில் இருந்த எனக்கு எட்டாம் மாதம் பிறந்த வாரத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, கொழும்பிலிருந்து அஃப்ராஸுக்கு வேலை. பெரிய கம்பனி, நல்ல சம்பளம். ஆனால் வீட்டிலிருந்து செய்ய முடியாது. வாரம் முழுவதும் கொழும்பில், சனி ஞாயிறு மட்டும் ஊரில். பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருந்தார்கள்.

"என்ன செய்ற?" என்று என்னிடம் கேட்டார்.

"உங்கட இஷ்டம்" என்றேன்.

எதைப் பற்றிக் கேட்டாலும் வெட்டொன்று துண்டிரண்டாகப் பதில் சொல்கிறவள் நான். திரைச்சீலை என்ன நிறம், குழந்தைக்கு என்ன பேர், எல்லாவற்றுக்கும் என்னிடம் முடிவு தயாராக இருக்கும். இதற்கு மட்டும் உங்கட இஷ்டம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாப்பா ஸவூதிக்குப் போனார். கூரை ஒழுகினாலும் உம்மாதான் ஏறினார், எனக்குக் காய்ச்சல் வந்தாலும் உம்மாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம். அஃப்ராஸ் போய்விடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை. ஆனால் போகாதீர்கள் என்று ஒரு ஆம்பிளையிடம் கெஞ்சுவதா? என் தலைக்கனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது காரியம், அஸீஸா மாமி. எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் கல்யாணச் சாப்பாடு எடுத்துச் செய்பவர். வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய சமையல்கூடம். புத்தளத்திலிருந்து முந்தல் வரைக்கும் அவருடைய புரியாணி போகாத பந்தல் குறைவு. ஓடர் எல்லாம் கைத்தொலைபேசியில்தான். ஒருத்தர் பேசிச் சொல்வார், இன்னொருத்தர் குரல் செய்தி அனுப்புவார், மூன்றாமவர் மீன் வாங்கப் போன இடத்தில் வழிமறித்துச் சொல்வார். இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு திரிந்து மாமிக்குத் தலையிடி வந்துவிட்டது.

"ஆக்கள் அவங்கவங்கட போன்லயே ஓடர் போடணும். எனக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு எறச்சி எண்டு வந்து விழணும். அப்பிடி ஒண்டு செஞ்சு தாங்க" என்றார் மாமி. "நல்லா ஓடினா புத்தளத்தில இரிக்கிற என்ட தங்கச்சியும் எடுப்பா. கல்பிட்டியிலயும் ரெண்டு பேர் கேட்டுக்கொண்டு இரிக்காங்க."

எனக்கு நெஞ்சுக்குள் விளக்கெரிந்தது. இந்த வேலை ஒழுங்காக முடிந்து நாலு சமையல்கூடங்களுக்குப் போனால், கொழும்புச் சம்பளம் இல்லாமலே பிழைக்கலாம். அஃப்ராஸ் இருக்கலாம். முடியாவிட்டால் திங்கட்கிழமை விடியக் கொழும்பு பஸ்.

அன்று பின்னேரமே சண்டை தொடங்கிவிட்டது. எதை வைத்துச் செய்வது?

எங்கள் தொழிலில் இணையச் செயலி செய்ய ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகள் இரண்டு வகை. ஒரு வகையில் எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பார்கள். எந்தக் கோப்பு எந்த அடுக்கில் இருக்க வேண்டும், எதற்கு என்ன பேர் வைக்க வேண்டும், எண் வரும் இடத்தில் எழுத்து வந்தால் வாங்கவே வாங்காது. சொன்னபடி கேட்டால் பாதி வேலையை அதுவே செய்து தரும். மற்ற வகை எதையும் கேட்காது. பிடித்த துண்டுகளை நீங்களே பொறுக்கிப் பிடித்த மாதிரிப் பொருத்தலாம். எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். நான் எதைப் பிடித்தேன், அவர் எதைப் பிடித்தார் என்று சொல்லவும் வேண்டுமா? என்னுடையதற்கு அவர் பள்ளிக்கூடம் என்று பேர் வைத்தார். அவருடையதற்கு நான் சந்தை என்று வைத்தேன்.

"நாளைக்கு மாமி ஒட்டகம் அறுக்கிறேன் எண்டாலும் என்டது ஏத்துக்கொள்ளும்" என்றார் அஃப்ராஸ்.

"ஏத்துக்கொள்ளும். பிறகு அந்த ஒட்டகத்த எங்க கட்டினீங்க எண்டு ஊரெல்லாம் தேடணும்."

"உன்ட பள்ளிக்கூடத்துல பெல் அடிக்காம ஒண்டுக்குப் போகக் கூட ஏலாது புள்ள."

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவோம், சண்டை முடிந்துவிடும். இந்த முறை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். கடைசியில், இருவரும் ஆளுக்கொன்று செய்து காட்டுவது, மாமி எதைச் சொல்கிறாரோ அது என்று தீர்ந்தது. ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து இரண்டு செயலி செய்தோம். தேத்தண்ணி மட்டும் மாறி மாறி ஊற்றிக்கொடுத்தோம். எதிரியாக இருந்தாலும் சீனி சரியாகப் போடுவார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என் செயலியில் எனக்குப் பெருமையான ஒரு இடம் இருந்தது. எங்கள் ஆட்களின் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. ஆனால் மாமியிடம் முந்தல், உடப்புப் பக்கத்துக் கிறிஸ்தவர்களும் தமிழர்களும் ஓடர் கொடுப்பார்கள். போன மாதம் யூஜீனியா என்ற அக்கா மகளின் முதல் நன்மை விருந்துக்கு எடுத்தார். அவர்கள் ஆளுக்கொரு பிளேட்டில் சாப்பிடுகிறவர்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரே கேள்வி வைத்தேன்: எத்தனை பேர்? எண்ணைத் தவிர வேறெதையும் அந்தப் பெட்டி வாங்காது. சஹன்காரர் என்று மாமி குறித்துவிட்டால் இயந்திரமே ஆறால் பிரித்து இத்தனை சஹன் என்று மாமிக்குச் சொல்லிவிடும். அஃப்ராஸ் எட்டிப் பார்த்து, "இது நல்லா இரிக்கு" என்று வாயார ஒத்துக்கொண்டார்.

இரண்டையும் மாமிக்குக் காட்டினோம். மாமி பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுச் சும்மா ஓடர் போடச் சொன்னார். அஃப்ராஸின் சந்தையில் ஒருத்தி, "எங்கட மூத்தவட கல்யாணத்துக்குப் போட்ட மாதிரியே, உப்பு மட்டும் கொஞ்சம் கொறச்சு" என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, மாப்பிள்ளை வீட்டார் எறச்சித் துண்டை எண்ணிப் பார்க்கிற ஆட்கள், கவனம் என்று எழுதியிருந்தாள். மாமிக்கு வாசிக்க வாசிக்கச் சந்தோஷம். "இது மனுசர் கதைக்கிற மாதிரியே இரிக்கு" என்றார். பிறகு கேட்டார்:

"சரி மகன், இவ்வளவுக்கும் மொத்தம் எவ்வளவு அரிசி?"

திரையில் அதற்குப் பதில் இல்லை. அஃப்ராஸ் ஒரு கடதாசியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். என்னுடையதில் அரிசி, இறைச்சி, எண்ணெய், நெய் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. மாமி என்னுடையதை எடுத்தார்.

தோற்ற மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பார்த்தேன். மறுநாள் காலையே என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "டீச்சர், இத எங்க வைக்கணும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு என் செயலியில் வேலை செய்தார். அந்த ஒரு வாரம் எனக்கு அவர் மேலிருந்த அன்பை அளக்க ஒரு தராசும் காணாது. அதையும் சொல்லவில்லை. சட்டையைக் கதிரையில் போட்டதற்குத்தான் ஏசினேன்.

செயலி ஓடத் தொடங்கியது. மாமியிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் போனில் ஓடர் எடுக்கக் கூடாது, திரை சொல்வதை மட்டும் கேட்க வேண்டும். மாமி அப்படியே நடந்தார். முதல் பெரிய ஓடர் நிஸ்ரின் ராத்தாவுடையது. சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், தங்கச்சிக்குக் கல்யாணம். எத்தனை பேர் என்ற பெட்டியில் அறுபது என்று போட்டிருந்தார். இயந்திரம் பத்து சஹன் என்றது.

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமி. "கடையும் காணியும் வச்சிக்கொண்டு, எந்த ஆடம்பரமும் இல்லாம பத்து சஹனோட முடிக்கிறாங்க. இப்பிடித்தான் இரிக்கணும் கல்யாணம்." நாங்களும் தலையாட்டினோம். சின்னக் கல்யாணம்தானே என்று அதே ஞாயிற்றுக்கிழமைக்குப் புத்தளத்து ஓடர் ஒன்றையும் மாமி ஏற்றுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அஃப்ராஸின் போன் அடித்தது. நிஸ்ரின் ராத்தா. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

"தம்பி, பாய் நாங்க விரிக்கிறதா, மாமி ஊட்டால கொண்டு வாறதா? அறுவது சஹனுக்கும் எங்ககிட்டப் பாய் காணாது."

அஃப்ராஸின் கை பாணோடு நின்றுவிட்டது. "எத்தன சஹனுக்கு ராத்தா?"

"அறுவதுக்குத்தானே போட்டிரிக்கேன்."

"ஓம் ஓம். நாங்க பாத்துக்கொள்றம்" என்று போனை வைத்தார்.

நான் தட்டைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தேன்: அறுபது பேர், பத்து சஹன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு எத்தனை என்று கேட்டால் சஹன் கணக்கைத் தவிர வேறெதுவும் எவர் வாயிலும் வராது. தலைகளை எண்ணுகிற பழக்கமே கிடையாது. பேர் என்று நான் எழுதியிருந்ததை யாரும் வாசிக்கவே மாட்டார்கள். பெட்டியைக் கண்டால் சஹனைப் போடுவார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே கல்யாணம் கட்டி, என் கல்யாணத்துச் சஹன் எத்தனை என்று இன்றைக்கும் சொல்லத் தெரிந்த எனக்கு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்துவிட்டது. எண்ணைத் தவிர வேறெதையும் வாங்காத என் பெட்டிக்கு அறுபது என்ற எண் கிடைத்தது. எண்தானே என்று வாங்கி வைத்துக்கொண்டது.

"நீ இரி. நான் போய்ப் பாக்கிறேன்" என்று அஃப்ராஸ் மோட்டார் சைக்கிளை எடுத்தார். இரு என்றால் இருக்கிற ஆளா நான்? ஒரு த்ரீவீலைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் தாங்கியபடி பின்னாலேயே போனேன்.

சமையல்கூட வாசலில் நிற்கும்போதே அவர் குரல் கேட்டது.

"பிழை என்ட மாமி. அந்த ஆறால பிரிக்கிற கணக்க நான்தான் எழுதினேன். ஸம்ஹாக்கு இது தெரியாது."

எனக்குத் தலை சுற்றும் அளவுக்குக் கோபம் வந்தது. மாமி மேல் அல்ல, இவர் மேல். என் வேலையை நான் நன்றாகச் செய்தாலும் என்னுடையது, கெடுத்தாலும் என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு போக இவர் யார்? கூடவே, எனக்காக ஒரு மனிதர் வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று கண்ணும் நிறைந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதைக் காட்டுவது? எனக்குக் கைவந்ததைத்தான் காட்டினேன்.

"மாமி, இவர் சொல்றது பச்சப் பொய். இவருக்கு ஆறால பிரிக்கவே தெரியாது. அது நான் எழுதினது, பிழையும் என்ட."

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. மதியம் முன்னூற்றுச் சொச்சம் பேர் வந்து உட்காரப் போகிறார்கள். அடுப்பில் இருப்பது பத்து சஹன். பெரிய கிடாரங்களும் ஆட்களில் பாதியும் புத்தளத்து ஓடருக்குப் போய்விட்டன.

"யார்ட பிழை எண்டத வெங்காயம் உரிச்சுக்கொண்டு பேசித் தீருங்க" என்றார் மாமி. "சுருக்கா."

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எங்களுக்கு அண்டாவே இல்லை. அங்கேதான் அஃப்ராஸ் யார் என்று நான் பார்த்தேன். இந்த மனிதருக்கு ஊரில் தெரியாத ஆள் கிடையாது, எந்த நேரத்தில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று ஒரு கணக்கும் கிடையாது, எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கிடாரங்கள் இரண்டையும் தலைவரிடம் கேட்டு லொறியில் ஏற்றினார். இறைச்சிக்கடை மஹ்ரூப் நானா அன்று விற்க வைத்திருந்த மாட்டிறைச்சி முழுவதையும் எடுத்தார். காணாததற்குக் கோழிப்பண்ணையில் கோழி. எங்கள் ஒழுங்கைப் பெண்கள் கத்தியோடு வந்து இறங்கினார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், யார் எதை எவ்வளவு போட வேண்டும் என்று செயலியில் அறுபது சஹனுக்குக் கணக்கெடுத்துச் சத்தமாக வாசித்தேன். அந்தக் கணக்கு ஒரு கிராம் பிசகவில்லை. கேள்வி பிழைத்தால் பிழைத்துப்போகட்டும், பதிலாவது சரியாக இருந்ததே என்று மனதுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

இருந்தும் நேரம் காணாது என்று தெரிந்ததும் அஃப்ராஸ் பள்ளிக்குப் போனார். நிகாஹ் லுஹர் தொழுகைக்குப் பிறகு. மௌலவி அதற்கு முன்னால் சின்னதாக ஒரு பயான் செய்வது வழக்கம். அவர் காதில் விசயத்தைப் போட்டு, கொஞ்சம் நீட்ட முடியுமா என்று கேட்டாராம். மௌலவி அன்று பொறுமையைப் பற்றிப் பேசினார். பொறுமையின் சிறப்பு, பொறுமையின் வகைகள், ஒவ்வொரு வகைக்கும் உதாரணங்கள். அவ்வளவு விரிவான பயானை இந்தப் பள்ளியில் கேட்டதில்லை என்று வயதானவர்கள் பாராட்டினார்கள். இளசுகள் பந்தல் பக்கம் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

ஆண்களுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. பெண்கள் பக்கத்துக்குப் போகும்போது பின்னேர அஸர் தொழுகைக்குக் கிட்டவாகிவிட்டது. நிஸ்ரின் ராத்தா எங்களை வீட்டின் பின்பக்கம் கூப்பிட்டு நல்லாக ஏசினார். தங்கச்சியின் மாமியார் பசியோடு இருந்ததை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்றார். நியாயம்தான். மூன்று பேரும் தலை குனிந்து நின்று கேட்டோம். அஸீஸா மாமி வட்டிலப்பம் முழுவதும் என்ட ஹதியா, காசு வேணாம் என்று சொன்ன பிறகுதான் குரல் கொஞ்சம் இறங்கியது.

சமையல்கூடத்துக்குத் திரும்பி, வெங்காயத் தோல் பரந்து கிடந்த மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். போடும் எண் சஹனா, ஆளா என்ற கேள்வியை வைத்தேன். பதில் சொல்லாமல் கீழே போக விடாது. பிறகு, "அறுபது சஹன், அதாவது முன்னூற்று அறுபது பேர். சரியா?" என்று திருப்பிக் கேட்கவும் வைத்தேன். அஃப்ராஸ் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஒரே எடத்துல மாத்தின, முடிஞ்சி" என்றார். "என்டதுல எண்டா மூணு எடத்துல மாத்தணும். ரெண்டு எடம் எனக்கே மறந்திரிக்கும்."

"உங்கடதுல எண்டா அறுவது சஹன் எண்டு எழுத்துலயே எழுதியிருப்பாங்க. மாத்த வேண்டியே வந்திரிக்காது" என்றேன். அவர் என்னை விட்டுக்கொடுக்காதபோது நான் மட்டும் அவரை விட்டுக்கொடுப்பேனா?

மாமி கதிரையில் காலை நீட்டி இருந்தார். "இது இரிக்கட்டும், நல்ல சாமான்தான்" என்றார். "ஆனா என்ட தங்கச்சிக்கு இப்ப சொல்ல மாட்டேன். இன்னம் நாலு கல்யாணம் போகட்டும், பாப்பம்."

அதாவது, நான் மலைபோல் நம்பியிருந்தது இப்போதைக்கு இல்லை. மாதக் கடைசி மறுநாள்.

வீட்டுக்கு வந்து குளித்து, மஃரிப் தொழுதுவிட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். உடம்பெல்லாம் வெங்காய மணம். அஃப்ராஸ் என் வீங்கிய கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கொழும்புக்காரனுக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

உங்கட இஷ்டம் என்று நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. காலையிலிருந்து நான் பட்ட பாடெல்லாம் திருப்பிக் கேட்காததால் வந்த பாடு. இந்த மனிதரிடமும் நான் ஒன்றையும் திருப்பிக் கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"நீங்க ஏன் அந்தச் சந்தைய அவ்வளவு புடிச்சுக்கொண்டு நிண்டீங்க?" என்றேன். "சும்மா வெளாட்டுக்குச் சொல்ல வேணாம்."

என் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். "அதுல என்ன எங்க இரிக்கெண்டு எனக்குப் பாதி தெரியும், உனக்குப் பாதி தெரியும். ரெண்டு பேரும் ஒரு அறையில இருந்தாத்தான் அது ஓடும். மாமி அத எடுத்தா, நான் இல்லாம வேல நடக்காது எண்டு கொழும்புக்காரனுக்குச் சொல்ல ஒரு சாட்டுக் கெடைக்கும் எண்டு பாத்தேன்."

"நான் பள்ளிக்கூடத்தப் புடிச்சது நீங்க போயிடுவீங்க எண்டு" என்றேன். "எல்லாம் ஒரு ஒழுங்கா இருந்தா, கையில புள்ளையோட நான் தனியா நடத்திக்கொள்வேன் எண்டு. உம்மா நடத்தின மாதிரி."

அவர் கை என் காலில் அப்படியே நின்றது. "நான் போகணும் எண்டு உனக்கு ஆசையா?"

"இல்ல."

"அப்ப ஏன் என்ட இஷ்டம் எண்டு சொன்ன? நீ நான் போனாப் பரவாயில்ல எண்டு இரிக்காய் எண்டு நான் நெனச்சிக்கொண்டு இரிக்கேன், இவ்வளவு நாளும்."

"போகாதீங்க" என்றேன். சொல்லிவிட்டால் சின்ன வார்த்தைதான். "எனக்குத் தனியா இரிக்கப் பயம். காசு இல்லாட்டிப் பரவாயில்ல, காணாம இருந்தாலும் பரவாயில்ல. நீங்க இங்க இருங்க."

அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட்டிருக்கலாம், போடவில்லை. அவர் என் காலை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். குனிந்து, இரண்டு பெருவிரலாலும் எழுதினார். எழுதி முடித்து அனுப்பாமல் என்னிடம் நீட்டினார்.

இரண்டே வரி. வணக்கம் சொல்லவில்லை, நன்றி இல்லை, எந்த வேலையைப் பற்றியது என்று குறிப்பில்லை. வர முடியாது, மனைவி ஸம்ஹா போக வேண்டாம் என்கிறார் என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அதிலும் என் பேரைச் சின்ன எழுத்தில் தொடங்கியிருந்தார்.

நான் ஒன்றையும் திருத்தவில்லை. என் விரலாலேயே அனுப்பினேன்.